எக்கோ எடுத்த நாள் எது? டயாலிசிஸ் நோயாளியின் இதயத்தை மீயொலியால் அளப்பது பற்றி

வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு, இரண்டு நாள் இடைவெளி முடிந்து உடலில் மூன்று லிட்டர் நீர் கூடியிருக்கும் காலைப் பொழுதில் எக்கோ எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடது மேலறை பெருத்திருக்கிறது, இடது கீழறை விரிந்திருக்கிறது, அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வில் மிதமான கசிவு உள்ளது, நுரையீரல் தமனியின் அழுத்தம் உயர்ந்திருக்கிறது என்று அறிக்கை வருகிறது. அன்றைய டயாலிசிஸ் முடிந்து, மறுநாள் அவர் தம் உலர் எடையில், அதாவது கூடுதல் நீர் நீங்கிய எடையில், இருக்கும்போது அதே கருவியால் அதே கையே இன்னொரு எக்கோ எடுத்தால், கசிவு லேசானதாகியிருக்கலாம். நுரையீரல் அழுத்தம் இயல்புக்கு அருகில் வந்திருக்கலாம். கீழறையும் சில மில்லிமீட்டர் சுருங்கியிருக்கலாம். இரண்டு அறிக்கைகளில் எதுவும் பிழையானதல்ல. முதலாவது நீர் நிறைந்த இதயத்தையும், இரண்டாவது நீர் வடிந்த இதயத்தையும் காட்டுகிறது. எந்த நாளில், எந்த எடையில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாத எக்கோ அறிக்கை, டயாலிசிஸ் நோயாளியைப் பொறுத்தவரை பாதி அறிக்கையே என்பதுதான் இக்கட்டுரை விளக்க முற்படும் செய்தி.

நீண்டகால டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்தே இதயம் அதன் கூடவே வந்த கவலையாக இருந்திருக்கிறது. 1960 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் கையில் நிலையாகப் பொருத்தக்கூடிய ஒரு குழாய் இணைப்பை உருவாக்கி, கிளைடு ஷீல்ட்ஸ் என்பவருக்குத் தொடர் டயாலிசிஸைத் தொடங்கினார். சில வாரங்களில் முடிந்திருக்க வேண்டிய அந்த உயிர் பதினோரு ஆண்டுகள் நீண்டது. 1971-இல் அவர் இறந்தது மாரடைப்பால். மூன்று ஆண்டுகள் கழித்து, 1974-இல், அதே சியாட்டில் மருத்துவர்கள் தங்களிடம் நெடுநாள் டயாலிசிஸ் செய்துகொண்டோருக்கு இரத்தக் குழாய்கள் விரைந்து தடித்து அடைபடுவதைப் பதிவு செய்தார்கள். சிறுநீரகத்தின் வேலையை இயந்திரம் ஓரளவு ஏற்றுக்கொண்ட பிறகு, உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதயமாக இருக்கிறது என்ற நிலை அன்று தெரியவந்தது. இன்றும் அது மாறவில்லை.

இந்த இதயத்தை அறிய வேறு வழிகள் இல்லையா என்றால், இருக்கின்றன. ஆனால் சிறுநீரகச் செயலிழப்பு அவை ஒவ்வொன்றையும் கலக்கிவிடுகிறது. இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின், டயாலிசிஸ் நோயாளிகளில் பலருக்கு மாரடைப்பு ஏதும் இல்லாமலேயே எப்போதும் உயர்ந்திருக்கும். இதயச் செயலிழப்பைக் காட்டும் பி.என்.பி. வகைப் பரிசோதனைகளும் அவ்வாறே. இசிஜி, பொட்டாசியமும் கால்சியமும் மாறுவதற்கேற்பத் தானும் மாறும். இதயத் தசையின் எடையை மிகத் துல்லியமாக அளப்பது எம்.ஆர்.ஐ. என்றாலும், அதில் பயன்படும் காடோலினியம் மருந்துகளில் சில, சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் கொடிய நோயை உண்டாக்குவது 2006-இல் தெரியவந்தது. இப்போதைய புதிய வகை மருந்துகளில் அந்த அபாயம் மிகக் குறைவு. ஆயினும் படுக்கையருகே கொண்டுவர முடிகிற, கதிர்வீச்சு இல்லாத, எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எடுக்கத்தக்க கருவி எக்கோதான்.

அந்தக் கருவி எதைத் தேடுகிறது என்பதை அறிய, டயாலிசிஸ் வாழ்க்கை இதயத்தின் மீது சுமத்துவதை அறிய வேண்டும். உயர் இரத்த அழுத்தமும் விறைத்துப்போன தமனிகளும் இதயத்தை எதிர்விசைக்கு எதிராகத் தள்ள வைக்கின்றன. அதனால் இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. தேங்கும் நீர், இரத்த சோகை, டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த ஃபிஸ்டுலா ஆகிய மூன்றும் இதயத்தை அதிக அளவு இரத்தத்தைச் சுழற்ற வைக்கின்றன. அதனால் அறை விரிகிறது. இவற்றோடு பாராதைராய்டு ஹார்மோன், பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் எஃப்.ஜி.எஃப்.-23 ஹார்மோன், யூரியாவோடு சேர்ந்து தேங்கும் பிற நச்சுகள் ஆகியவை தசையிழைகளுக்கு இடையே நார்த்திசுவைப் பெருக்குகின்றன. தடித்த தசைக்கு ஏற்றவாறு நுண்குழாய்கள் பெருகுவதில்லை. 1990-களில் கனடாவில் டயாலிசிஸ் தொடங்கிய 400-க்கும் மேற்பட்டோரை எக்கோ கொண்டு ஆராய்ந்தபோது, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கு இடது கீழறைத் தசைத் தடிப்பு தொடக்கத்திலேயே இருந்தது. ஆகவே இந்த நோயாளிகளிடம் முற்றிலும் இயல்பான எக்கோவைக் காண்பதே அரிது. முன்பிருந்த நிலையிலிருந்து இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதே பயனுள்ள கேள்வி. அதற்கு விடை வேண்டுமானால், ஒப்பிடும் இரண்டு எக்கோக்களும் ஒரே நீர்நிலையில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இதை வழிகாட்டு நெறிகளும் சொல்லியிருக்கின்றன. டயாலிசிஸ் தொடங்கி, உலர் எடை எட்டப்பட்ட பிறகு, அதாவது முதல் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள், ஒவ்வொருவருக்கும் எக்கோ எடுக்க வேண்டும், அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று அமெரிக்க தேசியச் சிறுநீரக அறக்கட்டளை 2005-இல் பரிந்துரைத்தது. இதில் பலர் கவனிப்பது 'மூன்று ஆண்டுகள்' என்பதை மட்டுமே. 'உலர் எடையில்' என்ற சொல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டயாலிசிஸ் இல்லாத நாளில், முந்தைய அமர்வுக்கு மறுநாள் எடுப்பது நல்லது. இயந்திரத்திலிருந்து இறங்கிய உடனே எடுப்பதும் சரியல்ல. அப்போது இரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் நீர் குறைந்திருக்கும். திசுக்களிலிருந்து அது மெல்லத் திரும்பி நிரம்பிக்கொண்டிருக்கும். கால்சியமும் பொட்டாசியமும் நிலைபெற்றிருக்காது. இதயத் தசையும், கீழே விளக்கவிருப்பது போல, சற்று மயங்கியிருக்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, காரணம் தெரியாத தாழ் இரத்த அழுத்தம் போன்ற அவசரங்களில் நாள் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அப்போதும் எடையை எழுதிவைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

நீர்நிலை எவ்வளவு பெரிய பிழையை உண்டாக்கும் என்பதை இடது கீழறையின் தசை எடையைக் கணக்கிடும் முறை நன்கு காட்டும். எக்கோ தசையை நேராக எடை போடுவதில்லை. இடைச்சுவரின் தடிப்பு, பின்சுவரின் தடிப்பு, அறையின் உள்விட்டம் ஆகிய மூன்று நீளங்களை அளந்து, மூன்றையும் கூட்டி அதன் கனத்தை (மும்மடியை) எடுத்து, அதிலிருந்து உள்விட்டத்தின் கனத்தைக் கழித்து, தசையின் அடர்த்தியாலும் ஒரு திருத்தக் காரணியாலும் பெருக்குகிறார்கள். சுவர்கள் 12 மி.மீ. வீதமும் உள்விட்டம் 50 மி.மீ. ஆகவும் இருந்தால் விடை ஏறத்தாழ 234 கிராம். சுவர்கள் அப்படியே இருக்க, நீர் தேங்கியதால் உள்விட்டம் மட்டும் 54 மி.மீ. ஆகிவிட்டால் விடை 264 கிராம். தசையில் ஒரு கிராம்கூடக் கூடவில்லை. அறிக்கையில் மட்டும் 30 கிராம் கூடிவிட்டது. விரியும் அறையின் சுவர் சற்று மெலிவதால் உண்மையில் இந்த வேறுபாடு ஓரளவு குறையலாம். ஆனால் கனம் எடுக்கும் கணக்கில் சிறு பிழையும் பெருத்தே வெளிவரும். ஒவ்வொரு சுவரையும் 1 மி.மீ. கூடுதலாக அளந்துவிட்டாலே 28 கிராம் ஏறிவிடும். எம்.ஆர்.ஐ.யோடு ஒப்பிட்டால் எக்கோ இந்த நோயாளிகளின் தசை எடையை மிகைப்படுத்திக் காட்டுவதற்கும், அறை விரிந்திருக்கும்போது அந்த மிகை மேலும் கூடுவதற்கும் இதுவே காரணம். தசை எடை குறைகிறதா என்பதை அளவுகோலாகக் கொண்ட டயாலிசிஸ் ஆய்வுகள் பல எம்.ஆர்.ஐ.யை நாடியதும் இதனால்தான். வாரம் ஆறு முறை டயாலிசிஸ் செய்வதை மூன்று முறையோடு ஒப்பிட்டு 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வு அவற்றுள் ஒன்று. அடிக்கடி டயாலிசிஸ் செய்தவர்களுக்குத் தசை எடை குறைந்தது என்பது அதன் முடிவுகளில் ஒன்று.

கணக்கு இதோடு முடிவதில்லை. வந்த எடையை உடலின் பரப்பளவால் வகுத்து, ஆண்களுக்குச் சதுர மீட்டருக்கு 115 கிராமுக்கு மேல், பெண்களுக்கு 95 கிராமுக்கு மேல் என்றால் தடிப்பு என்று வரையறுக்கிறார்கள். உடல் பரப்பளவு உடல் எடையைச் சார்ந்தது. டயாலிசிஸ் நோயாளியின் எடையோ நீரால் ஏறும், ஊட்டக் குறைவால் இறங்கும். ஒருவர் மெலிந்துபோனதாலேயே அவருடைய குறியீடு உயர்ந்து தெரியலாம். இதனால் எடையை விட்டுவிட்டு உயரத்தை மட்டும் கொண்டு வகுக்கும் முறையைச் சிறுநீரக ஆய்வாளர்கள் பலர் விரும்புகிறார்கள். நீண்டகால நோயாளிகளுக்கு அது பொருத்தமானது என்றே நானும் கருதுகிறேன்.

அறிக்கையைக் கையில் வாங்கியதும் எல்லோரும் முதலில் தேடுவது வெளியேற்ற விகிதத்தைத்தான். மருத்துவர்கள் இ.எஃப். என்பார்கள். நிரம்பிய இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை விழுக்காடு வெளியே தள்ளப்படுகிறது என்பதே அது. ஆண்களுக்கு 52-க்கும் பெண்களுக்கு 54-க்கும் குறையாமல் இருந்தால் இயல்பு. இந்த எண் மீது இத்தனை நம்பிக்கை வைப்பது டயாலிசிஸ் நோயாளிகள் விஷயத்தில் ஆபத்தானது. சுவர் தடித்து உள்ளறை சிறுத்திருக்கும் இதயம், தசையிழைகள் நீளவாக்கில் நன்றாகச் சுருங்காதபோதும், தடித்த சுவர் உள்நோக்கித் திரள்வதாலேயே 60 விழுக்காட்டைத் தள்ளிவிடும். எண் இயல்பாக இருக்கும். இதயம் இயல்பாக இருக்காது. நீள்வாக்குச் சுருக்கத்தைத் தனியே அளக்கும் ஸ்ட்ரெய்ன் என்ற முறை இங்கே உதவுகிறது. எக்கோ படத்தில் தசையின் மீது தெரியும் நுண்புள்ளிகளைத் துடிப்பு முழுதும் பின்தொடர்ந்து, இழை தன் நீளத்தில் எத்தனை விழுக்காடு குறுகுகிறது என்று மென்பொருள் கணக்கிடும். இயல்பான இதயத்தில் இது ஏறத்தாழ 20 விழுக்காடு. வெளியேற்ற விகிதம் இயல்பாக உள்ள பல டயாலிசிஸ் நோயாளிகளிடம் இது குறைந்திருப்பதைக் காணலாம். இதுவும் நீர்நிலைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஏற்ப மாறுவதால், முன்பு சொன்ன கட்டுப்பாடு இதற்கும் பொருந்தும். ஒரு நிறுவனத்தின் கருவியில் எடுத்ததை இன்னொன்றில் எடுத்ததோடு ஒப்பிடாமல் இருப்பதும் நல்லது.

இதயம் சுருங்குவதைவிட, தளர்ந்து நிரம்புவதில்தான் இவர்களுக்குத் தொல்லை முதலில் தொடங்குகிறது. விறைத்த கீழறைக்குள் இரத்தம் நுழைய வேண்டுமானால் பின்னால் உள்ள மேலறையின் அழுத்தம் உயர வேண்டும். அது உயர்ந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். அசைவின் வேகத்தை மீயொலியால் அளக்கும் டாப்ளர் முறை கொண்டு மைட்ரல் வால்வு வழியே பாயும் இரத்தத்தின் முதல் வேகத்தையும், வால்வின் அடிவளையம் அசையும் வேகத்தையும் அளந்து, இரண்டின் விகிதம் 14-ஐத் தாண்டினால் அழுத்தம் உயர்ந்திருக்கிறது என்று கொள்வார்கள். முதல் வேகம் நீர்நிலையின் நேரடிப் பிரதிபலிப்பு. மூன்று லிட்டர் எடுத்தவுடன் அது விழும். அதனால் நிரம்பும் கோளாற்றின் தரமாக டயாலிசிஸுக்கு முன் 'இரண்டாம் நிலை' என்று எழுதப்பட்டது, பின்பு 'முதல் நிலை' ஆகிவிடும். இன்னொரு சிக்கல் இந்த நோயாளிகளுக்கே உரியது. அவர்களுடைய மைட்ரல் வளையத்தில் அடிக்கடி சுண்ணாம்பு படிந்திருக்கும்; சுண்ணாம்பால் இறுகிய வளையம் தசை நன்றாக இருந்தாலும் மெதுவாகவே அசையும்; அப்போது அந்த விகிதமே நம்பத்தகாததாகிவிடும். இவற்றுக்கிடையே ஓரளவு நிதானமான சாட்சி இடது மேலறையின் கொள்ளளவு. அதுவும் நீரால் ஓரளவு மாறும் என்றாலும், பல மாதங்களாக ஏறிய சுமை அதில் தங்கியிருக்கும். உலர் எடையில் எடுத்த எக்கோவிலும் மேலறை ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே வந்தால், அந்த உலர் எடை உண்மையில் உலர்ந்ததுதானா என்று திரும்பக் கேட்க வேண்டும்.

நுரையீரலையும், உடலின் கீழ்ப்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரையையும் அதே கருவியால் பார்த்து நீரின் அளவை மதிப்பிடும் வழக்கமும் இப்போது பரவியிருக்கிறது. நுரையீரலில் நீர் இருந்தால் படத்தில் வால்நட்சத்திரம் போல் நீளும் கோடுகள் தெரியும். அவற்றை எண்ணி உலர் எடையைத் திருத்தினால் நுரையீரல் நீர் குறைகிறது என்று ஐரோப்பாவில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனினும் இறப்பு, மாரடைப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்த முதன்மை முடிவில் அது தெளிவான வேறுபாட்டைத் தரவில்லை.

டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே எக்கோ எடுத்தவர்கள் கண்டது கவலைக்குரிய ஒன்று. வாரத்தின் 168 மணி நேரத்தில் சேரும் நீரை 12 மணி நேரத்தில் எடுக்கும் ஏற்பாடு இது. வேகமாக நீர் இழுக்கப்படும்போது இதயத் தசைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. கீழறைச் சுவரின் சில பகுதிகள் அசைவு குன்றிப்போகின்றன. இதை மயோகார்டியல் ஸ்டன்னிங், அதாவது தசை மயக்கம் என்கிறார்கள். இங்கிலாந்தில் 70 நோயாளிகளிடம் நடத்தி 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு இது காணப்பட்டது. எடுக்கப்பட்ட நீரின் அளவும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் கூடக்கூட இதுவும் கூடியது. முதன்மை இதயத் தமனிகளில் பெரிய அடைப்பு இல்லாதவர்களுக்கும் இது நேர்கிறது. திரும்பத் திரும்ப மயங்கும் பகுதிகள் நாளடைவில் நிரந்தரமாகவே வலுவிழக்கக்கூடும். டயாலிசிஸ் திரவத்தைச் சற்றுக் குளிர்வித்தால் மயக்கம் குறைவதைச் சிறு ஆய்வுகள் காட்டின. ஆனால் கனடாவில் 84 மையங்களில் 15,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2022-இல் வெளியான பெரிய ஆய்வில், குளிர்வித்தது இதயநோய் இறப்பையோ மருத்துவமனை அனுமதியையோ குறைக்கவில்லை. நோயாளிகள் குளிரால் அவதிப்பட்டதுதான் கூடியது. எக்கோவில் ஒன்று மேம்படுவது வேறு, நோயாளியின் ஆயுள் மேம்படுவது வேறு என்பதை இத்துறையில் இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு எனக்குத் தெரிந்து இல்லை.

தடித்த சுவரும் சிறிய அறையும் உள்ள சிலருக்கு டயாலிசிஸின்போது வேறொரு நிகழ்வும் ஏற்படும். நீர் குறைந்து அறை மேலும் சிறுக்க, மைட்ரல் இதழ் இடைச்சுவரை நோக்கி இழுக்கப்பட்டு, இரத்தம் வெளியேறும் வழியை அடைத்துவிடும். இரத்த அழுத்தம் சட்டென விழும். ஓய்வில், நீர் நிறைந்த நாளில் எடுத்த எக்கோவில் இதன் சுவடே இராது. டயாலிசிஸின் பிற்பகுதியில் காரணமின்றி மயக்கமடைபவருக்கு அந்த நேரத்திலேயே ஒருமுறை எக்கோ வைத்துப் பார்ப்பது பயனளிக்கும்.

கையில் உள்ள ஃபிஸ்டுலாவைக் கணக்கில் கொள்ளாத எக்கோ வாசிப்பும் குறையுள்ளதே. தமனியையும் சிரையையும் நேராக இணைப்பதால், உடலுக்குப் பயன்படாமல் ஒரு பகுதி இரத்தம் குறுக்கு வழியில் இதயத்துக்குத் திரும்புகிறது. இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் அயோர்ட்டிக் வால்வுக்குக் கீழுள்ள வெளிவாயிலின் விட்டம் 20 மி.மீ., ஒரு துடிப்பில் இரத்தம் முன்னேறும் தொலைவு 25 செ.மீ., துடிப்பு நிமிடத்துக்கு 80 என்றால், இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6.3 லிட்டர் தள்ளுகிறது. நல்ல எண் போலத் தோன்றும். அதில் 1.5 லிட்டர் ஃபிஸ்டுலா வழியே போகிறது என்றால், உடலுக்குக் கிடைப்பது 4.8 லிட்டர் மட்டுமே. ஃபிஸ்டுலாவின் ஓட்டம் 2 லிட்டரை எட்டும்போது, அல்லது இதயம் தள்ளுவதில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும்போது, மிகை ஓட்டத்தால் வரும் இதயச் செயலிழப்பை நினைக்க வேண்டும். மேற்கையில் அமைத்த ஃபிஸ்டுலாக்களில் இது கூடுதல். ஐயம் இருந்தால் எக்கோ மேசையிலேயே ஃபிஸ்டுலாவைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, நாடித்துடிப்பும் இதய ஓட்டமும் நுரையீரல் அழுத்தமும் எவ்வளவு குறைகின்றன என்று பார்க்கலாம். எளிய சோதனை, ஏனோ அடிக்கடி செய்யப்படுவதில்லை. மாற்றுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்குத் தேவையற்றுப்போன ஃபிஸ்டுலாவைக் கட்டிவிட்டால் இடது கீழறைத் தசை எடை குறைகிறது என்று 2019-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியிருக்கிறது.

இந்த மிகை ஓட்டம் வால்வு அறிக்கையையும் குழப்பும். கால்சியமும் பாஸ்பரஸும் நிலைகுலைந்த உடலில் அயோர்ட்டிக் வால்வு விரைந்து சுண்ணாம்பேறிக் குறுகும். பிறரைவிட இவர்களுக்கு அந்தக் குறுகல் வேகமாக முற்றுகிறது. குறுகலின் அளவை வால்வுக்கு இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். அது வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், ஓட்டம் 20 விழுக்காடு கூடினால் அழுத்த வேறுபாடு 44 விழுக்காடு கூடித் தெரியும். எனவே வால்வுக்கு முன்னுள்ள வேகத்தையும் வால்வில் உள்ள வேகத்தையும் ஒப்பிடும் விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறுகலின் வேகத்தை நினைக்கும்போது, வால்வில் சுண்ணாம்பு தெரியத் தொடங்கியவருக்கு மூன்று ஆண்டு இடைவெளி மிக நீண்டது.

இதய உறையில் நீர் சேர்வது இன்னொரு கவலை. போதாத டயாலிசிஸின் அடையாளமாக அது இருக்கலாம். அதிகமாகச் சேர்ந்த நிலையில் அதைப் பாராமல் வேகமாக நீர் இழுத்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். கழுத்துச் சிரையில் நிலைக்குழாய் வைத்தவருக்குக் காய்ச்சல் வந்தால் வால்வில் தொற்று உள்ளதா என்றும், குழாய் முனையில் இரத்தக்கட்டி ஒட்டியிருக்கிறதா என்றும் தேட வேண்டும். மார்பின் மேலிருந்து எடுக்கும் எக்கோவில் தெரியாவிட்டால் உணவுக்குழாய் வழியே எடுக்க நேரும். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவருக்கு வார ஏற்ற இறக்கம் இல்லாவிட்டாலும், வயிற்றில் உள்ள திரவம் உதரவிதானத்தை மேலே தள்ளும் என்பதால், அதை வடித்துவிட்டு எடுப்பது நல்லது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எக்கோ அறிக்கையின் தலைப்பில் கூடுதலாகத் தேவைப்படுவது இரண்டு வரிகளே: கடைசி டயாலிசிஸ் எப்போது, இன்றைய எடை என்ன, உலர் எடை என்ன, இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எவ்வளவு, ஃபிஸ்டுலா எந்தக் கையில், அதன் ஓட்டம் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு. எக்கோ எடுப்பவர் கேட்காவிட்டாலும் நோயாளியோ குடும்பத்தினரோ இந்த எண்களைச் சொல்லி எழுதச் செய்யலாம். தம் உலர் எடையைக் கிராம் கணக்கில் நினைவு வைத்திருப்பவர்கள் அவர்கள்தாம்.

இந்த இரண்டு வரிகளின் எடை, சிறுநீரக மாற்று அறுவைக்குப் பெயர் பதியும்போது முழுமையாகத் தெரியும். நீர் நிறைந்து, இரத்த அழுத்தம் உயர்ந்திருந்த நாளில் எடுத்த எக்கோவில் வெளியேற்ற விகிதம் 35 விழுக்காடு என்று வந்ததைக் கொண்டு, 'இதயம் தாங்காது' என்று ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட முடியும். விகிதம் உண்மையிலேயே குறைந்திருந்தாலும் அது முடிவல்ல. வெளியேற்ற விகிதம் 40 விழுக்காடோ அதற்குக் கீழோ இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி, 2005-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆய்வில், அவர்களின் சராசரி விகிதம் ஓராண்டில் ஏறத்தாழ 32-லிருந்து 52-ஆக உயர்ந்தது. இதயம் வலுவிழந்த பிறகு டயாலிசிஸில் அதிக காலம் காத்திருந்தவர்களுக்கு அந்த மீட்சி குறைவாகவே கிட்டியது. அத்தகைய ஒருவருக்குச் செய்ய வேண்டியது, சில வாரங்கள் உலர் எடையை முறையாக இறக்கி, இரத்த அழுத்தத்தைச் சீராக்கி, டயாலிசிஸுக்கு மறுநாள் எக்கோவை மீண்டும் எடுத்து, அந்த எண்ணை எடையோடும் நாளோடும் சேர்த்து மாற்று அறுவைக் குழுவின் முன் வைப்பதுதான்.